ஒரு பிரிண்டரும் நாலு கம்ப்யூட்டரும்: பில் நிற்பது எங்கே?

மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக் கடையில் பில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு கட்டி வைத்தாயிற்று. வாடிக்கையாளர் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பில் போடும் பையன் ஒரே பொத்தானைப் பத்துத் தடவை தட்டுகிறான். பிரிண்டரோ பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. மொத்த வியாபாரிகளுக்கு இதைவிடச் சங்கடம். சரக்கு குடோனை விட்டுக் கிளம்பும்போதே இன்வாய்ஸ் போட்டிருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதுவும் மூன்று பிரதி: வாங்குபவருக்கு மூலப் பிரதி, லாரிக்காரருக்கு இரண்டாவது, நமக்கு மூன்றாவது. பிரிண்டர் நின்றால் லாரியும் நிற்கும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? பிரிண்டர் கெட்டுவிட்டது என்கிறோம். சர்வீஸ் ஆளுக்குப் போன் போடுகிறோம். அவர் வந்து அரை மணி நேரம் எதையோ தட்டுவார், பில் வரும், காசு வாங்கிக்கொண்டு போவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. நாம் பார்த்தவரை, இப்படி நிற்கும் பில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரிண்டர் காரணமே இல்லை. பிரிண்டருக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நிற்பதுதான் காரணம். அந்த நடுவில் இருப்பது என்ன என்று வியாபாரிக்குத் தெரிந்திருந்தால், சர்வீஸ் ஆளிடம் சரியான கேள்வியாவது கேட்கலாம்.

முன்பு ஒரு கடைக்கு ஒரு கம்ப்யூட்டர், அதன் முதுகில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். தகராறு கிடையாது. இன்று நடுத்தரமான ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் பத்து வருடத்துக்கு முந்தைய விண்டோஸ் 7. கணக்கு அறையில் புதிதாக வாங்கிய விண்டோஸ் 11. முதலாளியின் மகன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் லினக்ஸ், அல்லது ஆப்பிள் மேக். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஆண்ட்ராய்டு போன் ஒன்று. எல்லாருக்கும் பில் வர வேண்டியது ஒரே பிரிண்டரில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது. பிரிண்டருக்குத் தெரிந்த பாஷையோ ஒன்றிரண்டுதான். நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். விண்டோஸ் 7-க்கான துபாஷி விண்டோஸ் 11-க்கு ஆகாமல் போகலாம். லினக்ஸுக்கு ஒத்துவரும் துபாஷி சில பிரிண்டர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

முத்திரைக் கல்லை வையுங்கள்

எடை குறைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் நாம் தராசை உடனே பிரித்துப் போடுவதில்லை. முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். பிரிண்டருக்கும் அப்படி ஒரு முத்திரைக் கல் உண்டு. பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பிரிண்டரின் சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் தாமாகவே ஒரு சோதனைச் சீட்டு அடித்துத் தரும். எந்தக் கம்ப்யூட்டரும் இதில் சம்பந்தப்படுவதில்லை. சீட்டு வந்துவிட்டால் பிரிண்டர், பேப்பர், ரிப்பன், தலை எல்லாம் நலம். வராவிட்டால்தான் அது பிரிண்டர் மெக்கானிக்கின் வேலை. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாருக்கும் போன் போடாதீர்கள்.

சீட்டு வந்துவிட்டது, பில் மட்டும் வரவில்லை என்றால் அடுத்த கேள்வி: பிரிண்டர் யாரிடம் கட்டியிருக்கிறது? வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். அது ஒரு கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் முடிகிறதா, அல்லது ரௌட்டரிலோ ஸ்விட்சிலோ முடிகிறதா? நம் கடைகளில் வரும் தொல்லைகளில் பாதி முதல் வகையிலிருந்து பிறக்கின்றன.

ஒரு கம்ப்யூட்டரில் கட்டி, அதை மற்றவர்களுக்கும் 'ஷேர்' செய்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டர்தான் பிரிண்டருக்கு வாசல்காரர். அவர் தூங்கினால் வாசல் அடைத்துவிடும். பிரிண்டர் கணக்கு அறைக் கம்ப்யூட்டரில் கட்டியிருக்கிறது. கணக்குப்பிள்ளை மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஆறு மணிக்கு மேல்தான் கல்லாவில் கூட்டம். இதைத்தான் சில கடைகளில் 'சாயங்காலம் ஆனால் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது' என்கிறார்கள். அணைக்காவிட்டாலும், சும்மா இருந்தால் சிறிது நேரத்தில் தானே தூங்கும்படி அந்தக் கம்ப்யூட்டரை அமைத்திருப்பார்கள். அதை மாற்றுவது இரண்டு நிமிட வேலை.

வாசல்காரர் விழித்திருந்தும் பில் வரவில்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். அங்கே வருகிறது, கல்லாவிலிருந்து வரவில்லை என்றால் கோளாறு இரண்டு கம்ப்யூட்டருக்கும் இடையில்.

அங்கேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் வரிசை அடைத்துக்கொண்டிருக்கும். பிரிண்டுக்கு வரும் சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தும் வேலையை விண்டோஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற பகுதி செய்கிறது. முதல் சீட்டு சிக்கிக்கொண்டால் பின்னால் வந்தவை எல்லாம் காத்துக்கிடக்கும். ஸ்பூலரை நிறுத்தி, வரிசையைக் காலி செய்து, மறுபடி ஓடவிட்டால் சரியாகும். இங்கே ஒரு எச்சரிக்கை. பையன் பத்துத் தடவை தட்டியிருந்தால் பத்துப் பிரதிகள் வரிசையில் நிற்கின்றன. வரிசையைக் காலி செய்யாமல் அடைப்பை மட்டும் நீக்கினால் ஒரே பில் பத்துத் தடவை வந்து விழும். கூட்டத்தில் யார் கவனிப்பார்கள்? ஒரு பிரதியைப் பார்த்து ஒரு டெலிவரி பையன் மூட்டையை ஏற்றிக்கொண்டு போவான், இன்னொரு பிரதியைப் பார்த்து இன்னொருவன் அதே சரக்கை மறுபடி கட்டுவான். மறுபடி அடிக்கும் பில்லில் 'நகல்' என்று தானே போடும் வசதி உங்கள் பில்லிங் மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

யாரும் எதையும் தொடவில்லை, ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் பில் வரவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ராத்திரியில் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அந்த அப்டேட் ஏன் பிரிண்டரில் கை வைக்கிறது என்பதற்குப் பின்னால் இரண்டு சம்பவங்கள் உண்டு. வியாபாரிகள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது 2017 மே மாதத்தில் நடந்தது. 'வன்னாக்ரை' என்ற தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டது. உள்ளே இருந்த கோப்புகளைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டு, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. அது உள்ளே புகுந்த வழி, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்திய எஸ்.எம்.பி.1 என்ற பழைய பேச்சுமுறை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.1 இயல்பாகவே நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கோ அந்தப் பேச்சைத் தவிர வேறு தெரியாது. அதனால்தான் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் கட்டிய பிரிண்டரைப் புதிய கம்ப்யூட்டர் கண்டுகொள்ள மறுக்கிறது. எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துபோனது.

இரண்டாவது, 2021-ல் வந்த 'பிரிண்ட் நைட்மேர்'. நாம் மேலே சொன்ன அதே ஸ்பூலரில் இருந்த ஓட்டை. ஷேர் செய்த பிரிண்டருக்கான டிரைவரை நிறுவுகிற சாக்கில் வெளியாள் கம்ப்யூட்டரையே தன் வசப்படுத்திக்கொள்ள முடியும் என்று தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் 2021 ஜூலையில் அவசர அப்டேட் விட்டது. ஆகஸ்டில், நிர்வாகி அனுமதி இல்லாமல் இப்படி டிரைவர் நிறுவ முடியாது என்று மாற்றியது. பிரிண்டர் இணைப்பைக் காக்க வேறொரு பாதுகாப்பும் அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டோடு கட்டாயமானது. அன்று முதல், ஒரு பக்கம் அப்டேட் ஆகி மறு பக்கம் ஆகாத கடைகளில் '11பி' என்று முடியும் ஒரு பிழை எண் திரையில் வந்து, பிரிண்டரை இணைக்கவே விடாமல் செய்தது.

இதற்கு ஊரில் ஒரு கைவைத்தியம் பரவியிருக்கிறது. வந்த அப்டேட்டை நீக்குவது, இனி அப்டேட்டே வராதபடி நிறுத்துவது, விண்டோஸின் உள் அமைப்பில் ஒரு எண்ணை மாற்றி அந்தப் பாதுகாப்பை அணைப்பது, எஸ்.எம்.பி.1-ஐ மறுபடி திறப்பது, பகிர்வுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம் என்று ஆக்குவது. ஐந்து நிமிடத்தில் பில் வந்துவிடும். சர்வீஸ் ஆளுக்கு நல்ல பெயர். நம் கருத்தில் இது, பூட்டு இறுகிவிட்டது என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை. பில் போடும் அதே கம்ப்யூட்டரில்தான் நம் பேரேடு, யார் யார் எவ்வளவு பாக்கி, கொள்முதல் விவரம், வரிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாக்கிப் பட்டியல் ஒரு நாள் பூட்டிக்கொண்டால், கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் தாமாக வந்து தொகையைச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சர்வீஸ் ஆள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'அப்டேட்டை நிறுத்தினீர்களா?' 'எதையாவது அணைத்தீர்களா?' ஆம் என்றால் மறுபடி போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஷேர் செய்தாக வேண்டும் என்ற நிலையில் முறையான வழிகளும் உண்டு. இரண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட்டில் சமமாக வைத்திருப்பது ஒன்று. வாசல்காரக் கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கென்றே தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கி, அதையே மற்றக் கம்ப்யூட்டர்களில் பதிந்து வைப்பது இன்னொன்று. கம்ப்யூட்டரைத் திறக்க நாம் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. பலர் அதையே திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு, கடவுச்சொல் தவறு என்கிறதே என்று குழம்புகிறார்கள்.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. கல்லாவில் ஏழு, கணக்கு அறையில் பதினொன்று என்று வைத்திருக்கும் கடைகளில் இந்த இழுபறி கூடுமே தவிரக் குறையாது. பிரிண்டரை இந்தச் சண்டையிலிருந்து வெளியே எடுத்துவிடுவதே மேல்.

பிரிண்டருக்குத் தனி கதவு எண்

அதாவது, எந்தக் கம்ப்யூட்டரிலும் கட்டாமல் பிரிண்டரை நேரே ரௌட்டரில் அல்லது ஸ்விட்சில் கட்டுவது. பின்னால் லேன் துளை உள்ள தெர்மல் பிரிண்டர் யூ.எஸ்.பி. மட்டும் உள்ளதைவிட விலை சற்றுக் கூடும். புதிதாக வாங்குகிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம் என்பது நம் யோசனை. கையில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸை விட மனமில்லாதவர்களுக்கு, ஒரு பக்கம் பிரிண்டர் வயரையும் மறு பக்கம் லேன் வயரையும் வாங்கும் 'பிரிண்ட் சர்வர்' என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. கார்பன் பிரதி எடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கு அது பயன்படும். பக்கத்தைக் கம்ப்யூட்டரே படமாக வரைந்து கொடுத்தால்தான் அடிக்கும் மலிவு வகை லேசர் பிரிண்டர்கள் சில உண்டு. அவை இந்தப் பெட்டியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே இணைத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக் கட்டிய பிரிண்டருக்கு நெட்வொர்க்கில் ஒரு கதவு எண் கிடைக்கும், 192.168.1.50 என்பது போல. ஐ.பி. முகவரி என்பது இதுதான். விண்டோஸ் 7 ஆனாலும் 11 ஆனாலும், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எதுவானாலும், அந்தக் கதவு எண்ணுக்கு நேரே போய்ச் சீட்டைக் கொடுத்துவிடலாம். ஒருவர் வாசலில் இன்னொருவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் கதவுக்குள் 9100 என்ற ஜன்னலில்தான் அநேகப் பிரிண்டர்கள் சீட்டு வாங்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நீட்டினால் ஒருவர் முடியும்வரை மற்றவர் காத்திருப்பார், அவ்வளவுதான். எஸ்.எம்.பி.1, 11பி, பின் எண் என்று மேலே சொன்ன எதுவும் இதில் குறுக்கே வராது. டிரைவர் மட்டும் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றது வேண்டும். புதிய மூன்றாம் நபர் டிரைவர்களைத் தன் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்தது. ஆகவே, பிரிண்டருடன் வந்த டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டுக் கல்லாவுக்குள் பத்திரமாக வையுங்கள்.

கதவு எண் நிலையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ரௌட்டர் ஒரு லாட்ஜ் மாதிரி. மின்சாரம் போய் வந்ததும் யாருக்கு எந்த அறை என்று மறுபடி ஒதுக்கும். நேற்று 50-ல் இருந்த பிரிண்டர் இன்று 53-க்குப் போய்விட்டால், கம்ப்யூட்டர் 50-ஆம் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ரௌட்டரிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். லேன் பிரிண்டர்களில் பல, நாம் முதலில் சொன்ன சோதனைச் சீட்டிலேயே தற்போதைய எண்ணை அச்சிட்டுத் தருகின்றன. பிரிண்டரைப் பார்க்காமலே ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்டர்நெட் கம்பெனியை மாற்றும்போது இது பெரிதாக வெடிக்கும். பழைய ரௌட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்திருக்கும். புதியது 192.168.0 என்றோ 192.168.29 என்றோ தொடங்கும். பிரிண்டருக்குள்ளேயே பழைய எண்ணைப் பதித்து வைத்திருந்தால், அது இல்லாத தெருவில் வீடு வைத்திருப்பதுபோல் தனியே நிற்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். புது ரௌட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதை ஊர்பேர் தெரியாத பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பகிர்வு வாசல்களை அடைத்துவிடும். அதைத் 'தனியார்' நெட்வொர்க் என்று மாற்றினால் திறக்கும். புதிய இணைப்புப் போட வருகிறவர் செல்போனில் வேகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் இருக்கும்போதே எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் ஆளுக்கு ஒரு பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பொய் ஆஃப்லைன் ஒன்று உண்டு. பிரிண்டர் நலம், எண்ணும் சரி, ஆனாலும் விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கும். இதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறோம். விண்டோஸ் தானாகத் தேடிப் பிரிண்டரைச் சேர்க்கும்போது டபிள்யூ.எஸ்.டி. என்ற வகை இணைப்பைப் போட்டுவிடுகிறது. சிலநாள் ஓடும், பிறகு காணாமல் போகும். அதை நீக்கிவிட்டு 'ஸ்டாண்டர்டு டி.சி.பி. ஐ.பி. போர்ட்' என்ற வகையில் கதவு எண்ணைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். மற்றது, அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் எஸ்.என்.எம்.பி. என்ற இடத்தில் இருக்கும் டிக். பிரிண்டரிடம் அவ்வப்போது 'நலமா' என்று விசாரிக்கும் முறை அது. மலிவு தெர்மல் பிரிண்டர்களில் பலவற்றுக்கு இந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராததால் ஆள் இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடுகிறது. டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இந்த டிக்குக்காகப் புதுப் பிரிண்டர் வாங்கியவர்கள் உண்டு.

மேக்கும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் 'கப்ஸ்' என்ற ஒரே அச்சு ஏற்பாட்டை வைத்து ஓடுகின்றன. கதவு எண்ணைக் கொடுத்தால் போதும், சாதாரண ஆபீஸ் லேசர்கள் தகராறில்லாமல் சேரும். பில் அடிக்கும் தெர்மலுக்குத்தான் கம்பெனி லினக்ஸ் டிரைவர் கொடுக்கிறதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். லினக்ஸுக்கு ஓட்டையே கிடையாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் கப்ஸ் ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டன. அதற்கும் அப்டேட் போட்டே ஆக வேண்டும்.

போனும் தமிழும்

ஆண்ட்ராய்டு போனிலிருந்து பில் வரவில்லை என்றால் முதலில் போன் எந்த வை-ஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். விருந்தினருக்கு என்று தனியாக விட்ட வை-ஃபையில் சேர்ந்திருந்தால் அது இன்டர்நெட்டுக்குப் போகும், பிரிண்டருக்குப் போகாது. அந்தத் தடுப்பு நல்லதுதான், எடுத்துவிடாதீர்கள். ஏனெனில் நாம் சொன்ன 9100 ஜன்னல் யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. கல்லாப் பெட்டியின் வயர் பிரிண்டரில் செருகியிருக்கும் கடைகளில், பெட்டி திறப்பது பிரிண்டருக்கு வரும் ஒரு கட்டளையால்தான். அந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் யாரும் அந்தக் கட்டளையை அனுப்ப முடியும். ஆகவே கடை வை-ஃபையின் கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள், சரக்கு கொண்டுவரும் கம்பெனி ஆட்களுக்கும் சொல்லாதீர்கள். கணக்கு அறையிலிருந்து ஸ்டாக் பட்டியல் அடிக்கும்போதெல்லாம் கல்லாப் பெட்டி தானே திறந்துகொள்கிறது என்றால், பேய் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் டிரைவரில் 'பெட்டியைத் திற' என்ற இடம் அணைக்கப்படாமல் இருக்கிறது.

கம்ப்யூட்டரிலிருந்து தமிழில் அழகாக வரும் பில், போனிலிருந்து கொடுத்தால் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது என்பது இன்னொரு புகார். பெரும்பாலான பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸ் டிரைவர் துவரம்பருப்பு என்ற சொல்லைப் படமாக வரைந்து அனுப்புகிறது, பிரிண்டர் புள்ளி புள்ளியாக அடித்துவிடுகிறது. போன் செயலியோ வேகத்துக்காக எழுத்தாகவே அனுப்புகிறது, பிரிண்டர் விழிக்கிறது. செயலியில் 'படமாக அச்சிடு' என்ற வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், தமிழில் வரும். பழைய மென்பொருளில் சரக்குப் பெயர்களை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பதிந்து வைத்தவர்களுக்கு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் புளியும் மிளகாயும் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகளாக வரும். அதற்குப் பிரிண்டரில் மருந்து இல்லை. சரக்குப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி மென்பொருள்காரரைத்தான் கேட்க வேண்டும்.

டாஸ் காலத்து பில்லிங் புரோகிராமை இன்னும் விடாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேகத்தில் அதற்கு ஈடில்லை என்பது உண்மைதான். அது எல்.பி.டி. 1 என்ற துளையைத் தவிர வேறொன்றை அறியாது. நெட்வொர்க் பிரிண்டரை அந்தத் துளையாக நடிக்க வைக்க விண்டோஸில் ஒரு கட்டளை இருக்கிறது, அனுபவமுள்ள சர்வீஸ் ஆளுக்குத் தெரியும். ஆனால் 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது, விண்டோஸ் 11-ல் 64 பிட் தவிர வேறு கிடையாது. ஆகவே கல்லாக் கம்ப்யூட்டர் ஒருநாள் முடிவாகப் படுத்துக்கொள்ளும் முன், கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வேலையை ஆடி மாதம் போன்ற மந்தமான காலத்தில் தொடங்கிவிடுவது உசிதம். தீபாவளிக்கு முந்தின வாரம் அதற்கு நேரமிருக்காது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு காரியம். ஒரு அட்டையில் பிரிண்டரின் பெயர், மாடல், கதவு எண், எந்த ஸ்விட்சில் எத்தனையாவது துளையில் கட்டியிருக்கிறது, டிரைவர் உள்ள பென் டிரைவ் எங்கே, சர்வீஸ் ஆளின் போன் எண் ஆகியவற்றை எழுதிக் கல்லா மேஜையின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வை-ஃபை கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். ரௌட்டரை மாற்றினாலும் பிரிண்டரை மாற்றினாலும் அன்றே அட்டையையும் மாற்றுங்கள். பழைய பில் புத்தகம் ஒன்றையும், கார்பன் தாளோடு, அதே மேஜையில் வைத்திருங்கள். அதில் போடும் பில்களுக்குக் கம்ப்யூட்டர் பில்லோடு கலக்காத தனி வரிசை எண் வைக்க உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டால், பிரிண்டர் நின்ற நேரத்தில் லாரியை நிறுத்தி வைக்க வேண்டிவராது.